நாற்பத்திரண்டில் அணைக்க மாட்டேன்

சித்திரை மாதத்து மதியத்தில், திருநெல்வேலி ஜங்ஷனில், சன்னல் இல்லாத ஓர் அறைக்குள் காற்று நாற்பத்தைந்து டிகிரி வரை சூடாகும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. கரண்ட் போன வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தவருக்கு அது தெரியும். எனக்கு மட்டும் அதை நிரூபிக்க வேண்டும் என்ற தலையெழுத்து வாய்த்தது. அதுவும் யாரிடம்? கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற ஒரு நாட்டுக்காரரிடம்.

கோபத்தை அப்புறம் கொட்டுகிறேன். முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். பெரியது அணைந்து கிடந்தாலும் குட்டி விழித்திருக்கும். சூடு எவ்வளவு, விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், பெரியதை எப்போது எழுப்ப வேண்டும், எப்போது அணைக்க வேண்டும், எல்லாம் அதன் கையில். அந்தக் குட்டியை நடத்துகிற மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். சர்வர் விற்கிற கம்பெனிகள் அதைப் பூட்டித்தான் தருவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காசு கொடுத்து வாங்கியவரே பார்க்க முடியாது. இதற்கு மாற்றாக, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம் என்று திறந்து வைத்த ஃபர்ம்வேர் ஒன்று இருக்கிறது. பல நாட்டு ஆட்கள் கூடி எழுதுவது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

பெங்களூரில் சர்வர் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் இதே வேலையைத்தான் பார்த்தேன். மகள் பிறந்த பிறகு மேலப்பாளையத்துக்கே வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் அன்றிலிருந்து என்னை 'வேலையை விட்டுட்டு வீட்டுல இருக்கா' என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்துவதும் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குப் பிடித்த புரோகிராம்களை எழுதி அந்தத் திறந்த ஃபர்ம்வேருக்கு அனுப்புவேன். இதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதனால் யாரும் என்னை அதட்டவும் முடியாது. அந்தச் சுகம் பெங்களூரில் கிடைத்ததே இல்லை.

என் ராத்தா, அதாவது அக்கா, ஜங்ஷனில் ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிறாள். எடுக்கிற படங்களையெல்லாம் சேர்த்து வைக்க அங்கே இரண்டு சர்வர்கள். ஒன்றில் போவது மற்றதிலும் அப்படியே பதிவாகும். இரண்டும் பழசு. ஏதோ கம்பெனி கழித்துப் போட்டவற்றை நான்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நல்ல உருப்படிகள், இன்னும் பல வருடம் உழைக்கும். திசையன்விளையிலிருந்தும் மணிமுத்தாறு பக்கமிருந்தும் பஸ் ஏறி அங்கே ஆட்கள் வருகிறார்கள். போன வருடம் எடுத்த படத்தையும் இந்த வருடம் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், கட்டி வளர்ந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும். பழைய படம் இல்லையென்றால் அந்த சென்டருக்கு வருவதில் பாதி அர்த்தம் இல்லை.

வில்லங்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ராத்தாவுக்கு நோயாளிகளை அனுப்புவதும், அவளுடைய சர்வரிலிருந்து நேரே படங்களைத் திறந்து பார்ப்பதும் அவர்கள்தான். உங்கள் சர்வரின் குட்டிக் கம்ப்யூட்டரில் ஓட்டை இருக்கிறது, கடவுச்சொல் இல்லாமலே ஒருவன் உள்ளே நுழையலாம், கோடை முடிவதற்குள் அடைக்காவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்றார்கள். சர்வர் செய்த கம்பெனியைக் கேட்டோம். அந்த மாடலுக்கு இனி ஃபர்ம்வேர் தரமாட்டோம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சென்னையிலிருந்து ஒருவர் தேன் மாதிரிப் பேசினார். போனை வைத்ததும் ராத்தா என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, நீ இதைத்தான பெங்களூர்ல பார்த்த? உன்னால முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு."

முடியும் என்றேன். ஆஸ்பத்திரி ஒரு நிபந்தனை வைத்தது. தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து எழுதியதை நாங்கள் நம்ப முடியாது, திறந்த ஃபர்ம்வேரின் பொது வெளியீட்டில் அது இருக்க வேண்டும், நாளைக்கு அவர் இல்லாவிட்டாலும் நாலு பேர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நியாயம்தான். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆக, கோடைக்குள் வருகிற வெளியீட்டில் எங்கள் சர்வர் போர்டுக்கு நான் எழுதுவதும் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் ராத்தாவின் சென்டர் வெறும் எக்ஸ்ரே கடை ஆகிவிடும்.

இரண்டில் ஒரு சர்வரை ஓடவிட்டு, மற்றதைத் திறந்து போட்டேன். போர்டின் ஓரத்தில், யார் கண்ணிலும் படக்கூடாது என்பது போல ஒளித்து வைத்திருந்த மூன்று கம்பிக்கால்களைக் கண்டுபிடித்து ஒயர் மாட்டினேன். அந்த வழியாகத்தான் குட்டி தன் முதல் பேச்சைப் பேசும். என் ஃபர்ம்வேரை ஏற்றிய முதல் சில தடவை அது பேசவே இல்லை. விசிறிகள் மட்டும் ரைஸ் மில் மாதிரி அலறின. பிறகு ஒரு நாள் காலையில் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சென்சார்கள்தான் படுத்தின. சூடு பார்க்கிறவை பலவும் போர்டில் சிதறிக் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று கம்பெனி எங்கும் சொல்லவில்லை. கீழே சர்பத் கடை அண்ணாச்சியிடம் போய் ஐஸ்கட்டி வாங்கி வந்தேன். "மிஷினுக்குக் காய்ச்சலாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். ஐஸை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, போர்டின் ஒவ்வோர் இடமாக வைத்து, திரையில் எந்த எண் இறங்குகிறது என்று பார்த்தேன். இப்படித்தான் உள்ளே நுழைகிற காற்றின் சூட்டை அளக்கிற சென்சார் முன்பக்க மூலையில் இருப்பது தெரிந்தது. மொத்தச் சண்டையும் அந்தச் சின்னக் கறுப்புப் பொட்டை வைத்துத்தான்.

எழுதியதை அனுப்பினேன். அனுப்பினால் உடனே சேர்த்துவிட மாட்டார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதுவார்கள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பு அந்த ஸ்வெட்டர்காரர். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். அவர் காட்டிய பிழைகள் பலவும் பிழைகளே. திருத்தினேன். கடைசியில் ஒரு கருத்து. உள்ளே வரும் காற்று நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால் விசிறிகள் முழு வேகத்துக்குப் போக வேண்டும் என்றும், ஐம்பத்திரண்டைத் தொட்டால்தான் சர்வர் அணைய வேண்டும் என்றும் நான் எழுதியிருந்தேன். அவர் சொன்னார்: மற்ற போர்டுகளில் இருப்பது போல நாற்பத்திரண்டிலேயே அணைத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய சூட்டுப் பதிவில் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று வருகிறது. உள்ளே வரும் காற்று அவ்வளவு சூடாக இருக்க வாய்ப்பில்லை. உங்கள் சென்சார் பழுது.

ஒவ்வொரு கருத்துக்குக் கீழும் 'டன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன் என்று பொருள். நம் ஆட்களின் விரலுக்கு அந்தப் பொத்தான் மேல் ஒரு தனிக் காதல். பெங்களூரில் எங்கள் குழுவில் வெளிநாட்டிலிருந்து கருத்து வந்தால் போதும், அது சரியா தப்பா என்று ஒருவரும் கேட்கமாட்டோம். சொன்னதைச் செய்து, டன் அழுத்தி, நன்றியும் எழுதிவிடுவோம். வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்று கேட்டதும் மொத்தமாக 'புரிஞ்சுது சார்' என்று கத்திப் பழகிய கூட்டம்தானே. அங்கே என்னோடு வேலை பார்த்த சேலத்து நண்பர் ஒருவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வழி சொன்னார். "டன் போட்டு உள்ள நுழைஞ்சிருங்க. அப்புறம் சின்னதா ஒரு திருத்தம் அனுப்பி நம்பரை மாத்திக்கலாம். யார் பார்க்கப் போறாங்க?"

எனக்குச் சுர்ரென்றது. சரியான எண்ணை வைத்துக்கொண்டு நான் ஏன் பின்வாசல் வழியாக நுழைய வேண்டும்? அதோடு, அந்த வெளியீட்டை ஏற்றினால், கரண்ட் போகிற முதல் மதியமே ராத்தாவின் சர்வர் அணைந்துவிடும்.

சென்சார் பழுதில்லை என்று காட்ட வேண்டும். ஆத்திரத்தில் சென்டரில் கையில் கிடைத்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துச் சர்வருக்குள் காற்று நுழைகிற வாயில் வைத்தேன். அது நாற்பத்திரண்டைத் தாண்டியதும் எண்ணைக் காட்டாமல் ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. மனுசனுக்கு அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் அளந்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்துச் செய்திருப்பார்கள். மிஷினின் வாயில் வைத்ததை இனி யார் வாயில் வைக்க என்று ராத்தா திட்டித் தீர்த்தாள். பிறகு ஸ்கேன் அறைச் சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டரைக் கழற்றி வந்து, கரண்ட் போன ஒரு மதியத்தில் சர்வர் முன்னால் வைத்து, திரையும் அதுவும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். இரண்டும் நாற்பத்தைந்து.

பதில் வந்தது. சென்சார் சரிதான், ஆனால் உங்கள் அறை சரியில்லை, முதலில் அறையைச் சரி செய்யுங்கள் என்று.

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. கோபத்தில் எழுதியதை நாலைந்து தடவை அழித்துவிட்டு, நிதானமாக எழுதினேன். அறையில் ஏசி இருக்கிறது. கரண்ட் போனால் ஏசி நின்றுவிடும், சர்வர் பேட்டரியில் ஓடும். அவர் கேட்டார்: குளிர்விக்கக் கரண்ட் இல்லையென்றால் சர்வருக்கு மட்டும் எப்படி இருக்கும்? கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவருடைய ஊரில் ஏசியின் கரண்டும் சர்வரின் கரண்டும் ஒரே தலைவாசல் வழியாக வருகிறவை, ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும். எங்கள் ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும், இன்வெர்ட்டரில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று. ஏசியைப் போட்டால் பேட்டரி படுத்துவிடும். இதை நான் எப்படி எழுதி விளக்க?

பேப்பரில் மின்தடை அறிவிப்பு வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, ஜங்ஷன், மீனாட்சிபுரம் பகுதிகளில் வியாழக்கிழமை காலையிலிருந்து கரண்ட் இருக்காது. எல்லாரும் அதைப் பார்த்ததும் முந்தின நாளே மாவரைத்து, தண்ணீர் ஏற்றி வைப்பார்கள். நான் ஸ்வெட்டர்காரருக்கு எழுதினேன். வியாழக்கிழமை உங்களுக்குக் காலை, எங்களுக்கு மதியம், வீடியோவில் வாருங்கள். ஏன் வியாழக்கிழமை என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கரண்ட் இருக்காது என்றேன். கரண்ட் இல்லாமல் எப்படிப் பேசுவீர்கள் என்றார். வந்து பாருங்கள் என்று எழுதினேன்.

வியாழக்கிழமை மதியம் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்குப் போனேன். சர்வர் அறையில் ஏசி செத்துக் கிடந்தது. என் ஃபர்ம்வேர் ஏற்றிய சர்வர்தான் அன்று படம் கொடுக்கிற வேலையில் இருந்தது. போனை ஓர் அட்டைப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, எண்கள் தெரிகிற திரையை அவருக்குக் காட்டினேன். போனில் அவர், கறுப்பு ஸ்வெட்டர், கையில் ஆவி பறக்கிற கோப்பை. திரையில் முப்பத்தொன்பது. துப்பட்டா கழுத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு வந்ததும் விசிறிகள் மொத்தமாக எழும்பின. அதன்பின் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

"நீங்கள் சொன்னபடி எழுதியிருந்தால் இது இப்போது அணைந்திருக்கும்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

பிராசஸரின் சூட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எழுபதுகளில் இருந்தது, அதன் எல்லையைத் தொட இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அது எல்லை மீறினால் அணைக்கிற கட்டளையில் நான் கைவைக்கவே இல்லை என்றும் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ராத்தா கதவைத் திறந்தாள். அவள் பின்னால் ஓர் அம்மா, மணிமுத்தாறிலிருந்து வந்தவர்கள், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர்களுடைய போன வருடப் படத்தைக் கேட்டிருக்கிறார்; பழைய படத்தை இங்கிருந்து தேடி எடுத்து விட்டால்தான் அங்கே திறக்கும். அந்த டாக்டர் இந்தப் பக்கம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறவர்.

"படம் வந்துருமாம்மா? டாக்டர் கிளம்பிருவாவளாம்" என்றார்கள் அந்த அம்மா.

ராத்தா வெளியே இருந்த கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். என் முன்னால் திரையில் நாற்பத்துநான்கு. படம் திறந்தது, ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஸ்வெட்டர்காரர் விசாரித்தார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். ஏசியைப் பேட்டரியில் சேர்க்க வேண்டாம் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டார். யாரும் முடிவு செய்யவில்லை, இங்கே எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றேன். மறுபடி ஒரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் எழுதினார். உங்கள் எண் இருக்கட்டும். அதன் மேலே காரணத்தைக் குறிப்பாக எழுதிவிடுங்கள். எழுதினேன்: 'கரண்ட் போனால் ஏசி நிற்கும், சர்வர் ஓடும். ஓட வேண்டும். இந்த எண்ணைக் குறைக்காதீர்கள்.' இனி சேர்க்க வேண்டியதுதான். ஆனால் எல்லாக் கருத்துகளும் முடித்து வைக்கப்பட்டால்தான் அந்த இணையதளம் சேர்க்க விடும். நாற்பத்திரண்டு பற்றிய அவர் கருத்து மட்டும் திறந்தே கிடந்தது. சம்பிரதாயம்தான், டன் அழுத்துங்கள், சேர்த்துவிடுகிறேன் என்றார்.

அழுத்த மாட்டேன் என்று பதில் எழுதினேன். நீங்கள் கேட்டதை நான் செய்யவில்லை. கேட்டது நீங்கள், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்.

எழுதி அனுப்பிவிட்டேன். மறைப்பானேன், பயந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த வெளியீடு போச்சு, ஆஸ்பத்திரி இணைப்பும் போச்சு. சேலத்து நண்பர், ஒரு க்ளிக்குக்கு இவ்வளவு வீம்பா என்று சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. போகப் போவது அவளுடைய சென்டர்.

"அழுத்தித் தொலையேன்ளா. அழுத்தினா நம்பர் மாறிருமா?"

"மாறாது."

"பின்ன என்ன?"

"அழுத்தினா நான் ஒத்துக்கிட்டேன்னு ஆயிரும் ராத்தா. நாளைக்கு எவனாவது வந்து, அவளே டன் போட்டிருக்கா பாருன்னு காட்டி, நாப்பத்திரண்டுக்கு இறக்கிருவான். அன்னைக்கு நான் அங்கன இருக்க மாட்டேன்."

ராத்தா டீ வாங்கி வரச் சொல்லி எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, வெளியே போய் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப் போனது.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகு திரையில் ஒரு வரி வந்தது. 'என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான் குளிர்ந்த அறையை மனதில் வைத்து எழுதினேன்.' அந்தக் கருத்தை அவரே முடித்து வைத்திருந்தார். அடுத்த வரியில் எங்கள் போர்டு சேர்ந்துவிட்டதாக அறிவிப்பு. நன்றி என்று மட்டும் எழுதினேன். நிஜமாகவே நன்றியாகத்தான் இருந்தது. தன் கையால் அதை மூட எல்லாருக்கும் மனசு வராது.

ஆஸ்பத்திரி இணைப்பு தப்பியது. இரண்டு சர்வரிலும் இப்போது பொது வெளியீடுதான் ஓடுகிறது.

போன வாரம் மதியம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வீட்டில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் ராத்தாவிடமிருந்து போன். ஜங்ஷனிலும் போய்விட்டது போல. அவள் குரலுக்குப் பின்னால் விசிறிகளின் அலறல் கேட்டது.

"ஏளா, உன் மிஷின் கிடந்து கத்துது. வந்தவங்க எல்லாம் என்னன்னு கேக்காங்க."

"படம் வருதா?"

"படமெல்லாம் வருது."

"அப்போ கத்தட்டும்" என்றேன்.